ஐதாக்கல்

ஆயித்தியமலைக்கு மேற்கே
அரை ஏக்கர் மேட்டுக்காணியில்
எட்டடிக்கு ஒன்றாய்க் கயிறு பிடித்து
முந்நூற்றுப் பன்னிரண்டு தேக்கு வைத்தேன்.
யானை முதுகு சொறிந்து நான்கைச் சரித்தது.
எருமை மிதித்து இரண்டு.
மிச்சம் முந்நூற்றாறும்
ஒன்பது மாரி குடித்து
ஒன்றன் வெயிலை ஒன்று பறித்துக்கொண்டு நிற்கின்றன.

டர்மட் பல்தசார்
டஸ்மேனியாவிலிருந்து அழைக்கிறான்.
டச்பார்த் தச்சன் மகன்.
அங்கே கருவால்நட் வளர்க்கிறான்,
காய்க்கு அல்ல, பலகைக்கு.
"இங்க ஐப்பசியிலயும் உறைபனி விழும் மச்சான்.
கொழுந்து கருகினா மரம் கவராகும்.
கவரானா பலகை இல்ல, விறகுதான்.
ஒவ்வொரு கண்டுக்கும் சட்டை போட்டிருக்கன்.
அறுக்க அறுபது வருசம்.
எனக்கு ஐம்பத்தெட்டு. கணக்கப் பாருகா."
சிரித்துச் சிரித்து இருமினான்.

என் தேக்கைப் படமெடுத்து அனுப்பினேன்.
"நெருக்கி வச்சது சரி.
நெருக்கத்திலதான் நேரா ஓடும்.
மறுகா பாதிய வெட்டு.
வெட்டாட்டி எல்லாம் குச்சி."
எந்தப் பாதி?
"வளைஞ்சது, கவரானது, பூச்சி பிடிச்சது.
மிச்சத்துக்கு ஒண்டு விட்டு ஒண்டு."

ஒன்று விட்டு ஒன்று.

சிவப்புத் தீந்தைப் பேணியோடு
முதல் வரிசையில் இறங்கினேன்.
வரிசை மிக நேர்.
கயிறு பிடித்தது நான்தான்,
குறை சொல்ல வேறு ஆளில்லை.
ஏழாவது மரத்தடியில்
கை நின்றுவிட்டது.

ஓர் ஆவணி.
பள்ளிக்கூட மைதானத்து மணல்.
எங்களுக்கு எட்டடி விடவில்லை,
தோளோடு தோள்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒரு தலை,
கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை.
ஆடினால் அந்தப் பக்கம்.
ஆடாவிட்டால் வீடு.
எனக்கு முன்னால் குணபாலன், பின்னால் டர்மட்.
ஆடியது.
ஆடவில்லை.
ஆடவில்லை.

குணபாலன் வளைந்தவன் இல்லை.
பூச்சி பிடித்தவனும் இல்லை.
என்னைவிட ஓர் அங்குலம் உயரம்.

பேணியை நிலத்தில் வைத்துவிட்டு அழைத்தேன்.
எந்த வரிசை என்று நான் சொல்லவில்லை,
அவனும் கேட்கவில்லை.
அந்தப் பக்கம் காற்று மட்டும்
நீண்ட நேரம் இரைந்தது.
பிறகு சொன்னான்:
"இங்க நாங்க நிக்கிறதுக்குத்தான் நிறம் பூசுறது.
வெட்டுறதுக்கு இல்ல."
கணக்கு ஒன்றுதானே என்றேன்.
"ஓம், ஒண்டுதான்" என்றான்.
"ஆனா கை நடுங்காது."

நடுங்கியது. கொஞ்சம்.
நூற்றைம்பத்துமூன்று மரத்துக்கு
நெஞ்சுயரத்தில் ஒரு சிவப்புப் பட்டி.
ஒவ்வொன்றையும் தொட்டு,
நில் என்று சொல்லி.
வாய்க்காலில் கை கழுவப் போகும் வழியில்
பழக்கதோஷத்தில் ஒரு கொழுந்தைக் கசக்கினேன்.
அதுவும் சிவப்பு.
தீந்தை எது, தேக்கு எது
தண்ணீருக்கும் தெரியவில்லை.

மாசியில் வாள்காரர் வந்தார்கள்.
ஒரு பகலும் மறுநாள் பாதியும்.
கரடியனாற்றில் கோழிக்கூடு கட்டும் ஒருவர்
நூற்றுமுப்பது தடியை
விலை பேசாமல் ஏற்றிப் போனார்.
காணிக்குள் வானம் வந்தது.
நிற்பவற்றின் நிழல் முதன்முறையாய்
நிலத்தில் முழுதாய் விழுந்தது.
நல்ல வேலைதான். பொய் சொல்ல மாட்டேன்.
மரங்கள் இப்போது பருக்கின்றன,
அளந்து பார்த்தேன்.

சித்திரையில் இரண்டு மழை.
வெட்டிய கட்டைகளிலெல்லாம் துளிர்.
சும்மா துளிர் இல்லை,
விசிறி அளவு இலை,
முழங்காலுயரக் கொழுப்பு.
டர்மட் சொல்கிறான்:
"உடைச்சு எறி, இரங்காத.
நிக்கிறதுட சாப்பாட்ட அதுதான் தின்னும்."
சரியாகத்தான் சொல்கிறான்.

கத்தியோடு போனேன்.
முதல் வரிசையில் ஆறு மரம் தாண்டினேன்.
ஏழாவது கட்டையில்
என் இடுப்பளவுக்கு ஒன்று நிற்கிறது,
நேராக, கவரில்லாமல்.

மிச்சம் நாளைக்கு என்று
பதினொரு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.